நாலு நிமிஷம் மட்டும் நல்ல பிள்ளை

நம்ம ஊர்ல பெட்ரோல் பங்க் ஓரமா ஒரு பழைய வேன் நிக்கும், பாத்திருப்பீங்க. சைலன்சருக்குள்ள ஒரு குழாயைச் சொருகி, நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ புடிச்சு, கையில ஒரு காகிதத்தைக் குடுத்து அனுப்புவாங்க. பழைய வண்டின்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டின்னா வருஷத்துக்கு ஒரு தடவை. (சில இடத்துல குழாயைச் சொருகாமலே காகிதம் வந்துடும். அதைப் பத்தி இங்க பேச வேண்டாம்.)

இந்த மாதிரி ஒரு புகை டெஸ்ட் ஆஸ்திரேலியாவுல கிடையாதுன்னு சொன்னா நம்புவீங்களா? நான் முதல்ல நம்பலை. நான் இருக்கிற மெல்போர்ன்ல, அதாவது விக்டோரியா மாநிலத்துல, சொந்தக் காருக்கு வருஷாந்திர பரிசோதனைன்னு ஒண்ணு இல்லவே இல்லை. வண்டி ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்குப் போகும்போது மட்டும் ரோட்வொர்த்தி சான்றிதழ் வேணும். சிட்னி பக்கம், நியூ சவுத் வேல்ஸ்ல, 5 வருஷத்துக்கு மேல வயசான வண்டிக்கு வருஷா வருஷம் 'பிங்க் ஸ்லிப்' எடுக்கணும். ஆனா அதுலயும் பிரேக், டயர், லைட்டு, துரு இதெல்லாம்தான் பாப்பாங்க. புகைக்குள்ள என்ன இருக்குன்னு கருவி வச்சு அளக்கறது கிடையாது. கண்ணுக்குத் தெரியுற புகை 10 விநாடிக்கு மேல தொடர்ந்து வந்தா குத்தம், அவ்வளவுதான்.

அப்ப இந்த நாட்டுல கருவி வச்சு யார் காரோட புகையை அளக்கறாங்க? இங்கதான் வேடிக்கை. தன் காரை மாத்திக் கட்டிட்டு, அதை முறைப்படி பதிஞ்சுக்கணும்னு தானா முன்வந்து நிக்கிற ஆளோட காரைத்தான். பழைய கொமடோர்ல புது எஞ்சினை இறக்கிட்டு "சார், சான்றிதழ் குடுங்க"ன்னு போய் நிக்கிறவனுக்கு டெஸ்ட். அதே எஞ்சினை ராத்திரியோட ராத்திரியா இறக்கிட்டு வாயை மூடிக்கிட்டு ஓட்டுறவனுக்கு, போலீஸ் மறிக்கிற வரைக்கும் ஒண்ணுமில்லை. இது எப்படி இப்படி ஆச்சுன்னு தோண்டப் போய், ஐம்பது வருஷக் கதை கிடைச்சுது. அதைத்தான் எழுதறேன். கார் புடிக்காதவங்களும் கொஞ்சம் பொறுத்துக்கிட்டுப் படிங்க, நடுவுல கிரிக்கெட்டு உண்டு, ஒரு சென்னைக்காரரும் உண்டு.

கதை பாத்தர்ஸ்ட்ல ஆரம்பிக்குது. சிட்னிக்கு மேற்கே, ப்ளூ மவுண்டன்ஸைத் தாண்டி இருக்கிற ஊர். அங்க மவுண்ட் பனோரமான்னு ஒரு மலை, அதைச் சுத்தி சுமார் 6.2 கிலோமீட்டர் ரோடு. மத்த நாள்ல ஊர்க்காரங்க வண்டி ஓட்டுற சாதாரண ரோடுதான். 1963ல இருந்து வருஷத்துக்கு ஒரு தடவை அங்க 500 மைல் பந்தயம். பந்தயத்துக்கு ஒரு முக்கிய விதி இருந்துச்சு: கடையில பொதுமக்களுக்கு விக்கிற காரைத்தான் ஓட்டணும். ஞாயித்துக்கிழமை ஜெயிச்ச கார் திங்கக்கிழமை விக்கும். ஃபோர்டு, ஹோல்டன், கிறைஸ்லர் மூணு கம்பெனிக்கும் இதை விடப் பெரிய விளம்பரம் கிடையாது. அதனால பந்தயத்துக்குத் தேவையான எஞ்சினை எல்லாம் ஷோரூம் கார்லயே போட்டு வித்தாங்க.

அதோட உச்சம் 1971ல வந்த ஃபோர்டு ஃபால்கன் ஜி.டி.எச்.ஓ. ஃபேஸ் 3. 351 கியூபிக் இஞ்ச் வி8 எஞ்சின், கணக்குல 300 குதிரைத்திறன், உண்மையில அதுக்கும் மேலன்னு எல்லாருக்கும் தெரியும். நாலு கதவு, பின்னாடி புள்ளைங்க உக்கார இடம், பெட்டி வைக்க டிக்கி. மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல போகும். கட்டினது சுமார் 300 கார். ஆலன் மொஃபாட் அந்த வருஷம் பாத்தர்ஸ்ட்ல இதை வச்சுத்தான் ஜெயிச்சார்.

1972 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை. சிட்னியோட சன்-ஹெரால்டு பத்திரிகை முதல் பக்கத்துல ஈவான் கிரீன்ங்கிற மோட்டார் எழுத்தாளர் ஒரு செய்தி போட்டார். மணிக்கு 160 மைல் போகக்கூடிய 'சூப்பர் கார்'கள் சீக்கிரமே கடைக்கு வரப்போகுது, யார் வேணா வாங்கலாம்னு. ஃபோர்டோட ஃபேஸ் 4, ஹோல்டனோட வி8 டொரானா, கிறைஸ்லரோட வி8 சார்ஜர். நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் மில்டன் மோரிஸ் கொதிச்சுப் போயிட்டார். மத்த மாநில அரசியல்வாதிகளும் சேர்ந்துக்கிட்டாங்க. அரசாங்கம் எங்க கார் வாங்கறதை நிறுத்திடுமோன்னு கம்பெனிகளுக்குப் பயம். ரெண்டு வாரம் முடியறதுக்குள்ள மூணு கம்பெனியும் கையைத் தூக்கிட்டாங்க. ஃபேஸ் 4 மொத்தமே நாலு கார்தான் உருவாச்சு.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். இன்னைக்கும் இங்க பழைய கார் பிரியர்கள் கூடினா "புகைச் சட்டம் வந்துதான் எங்க வி8-ஐக் கொன்னுச்சு"ன்னு புலம்புவாங்க. தேதியைப் பாத்தா ஒட்டலை. 1972ல கொன்னது ஒரு பத்திரிகைத் தலைப்பு. எந்தச் சட்டமும் இல்லை, எந்த டெஸ்ட்டும் இல்லை. புகை விதி அப்ப தொட்டில் குழந்தை. 1972 ஜனவரியில வந்த ஏ.டி.ஆர். 26, எஞ்சின் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம்னு மட்டும்தான் பாத்துச்சு, கிட்டத்தட்ட நம்ம பங்க் வேன் டெஸ்ட் மாதிரி. (ஏ.டி.ஆர்.னா ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதிகள். புதுக் கார் எப்படி இருக்கணும்னு நாடு முழுசுக்கும் சொல்ற விதித்தொகுப்பு. இந்தப் பேரு அடிக்கடி வரும்.)

நிஜமான பிடி 1976 ஜூலையில வந்த ஏ.டி.ஆர். 27ஏ. காரை உருளை மேல ஏத்தி, ஊருக்குள்ள ஓட்டுற மாதிரி ஓட்டி, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் விஷம் வருதுன்னு அளக்கற அமெரிக்க முறை. கார்பன் மோனாக்சைடு 24.2 கிராம், எரியாத ஹைட்ரோகார்பன் 2.1 கிராம், நைட்ரஜன் ஆக்சைடு 1.9 கிராம். இதுக்கு மேல வந்தா அந்த மாடலை விக்க முடியாது.

எதுக்கு இந்த விதி? சிட்னியோட அமைப்பைப் பாத்தாப் புரியும். கிழக்கே கடல், மேற்கே மலை, நடுவுல கிண்ணம் மாதிரி நகரம். காலையில கார் விடுற புகை தாழ்வா நகர்ந்து கடல் பக்கம் போகும். வெயில் ஏற ஏற அது ஓசோனா மாறும். மத்தியானம் கடல்காத்து வீசும்போது அதே புகை திரும்பி வந்து மேற்குப் பக்கமும் தென்மேற்குப் பக்கமும் போய் மலையில முட்டி நிக்கும். கார் ஓட்டினவன் கிழக்குல, இருமுறவன் மேற்குல. இன்னைக்கு வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில்னு நம்ம ஜனங்க நிறைய இருக்கிறது அந்த மேற்குப் பக்கம்தான். 1970கள்ல அங்க இருந்தது வேற ஏழைப்பட்ட ஜனங்க. லாஸ் ஏஞ்சல்ஸ்ல 1950கள்ல ஹாகன்-ஸ்மிட்ங்கிற விஞ்ஞானி கண்டுபிடிச்ச அதே வேதியியல். அதனால விதி தப்புன்னு என்னால சொல்ல முடியலை.

ஆனா கம்பெனிகள் அதை நிறைவேத்தின விதம் இருக்கே, அது கொடுமை. சுத்தம் பண்ற சரியான கருவி காட்டலிடிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம் பூசின தேன்கூடு மாதிரி ஒரு சாமான், சைலன்சருக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு விஷத்தைத் தண்ணியாவும் கரியமில வாயுவாவும் மாத்தும். அமெரிக்காவுல 1975 மாடல்ல இருந்து அது வந்தாச்சு. ஆஸ்திரேலியாவுல போட முடியலை, ஏன்னா பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்துச்சு. ஈயம் அந்தத் தேன்கூட்டு மேல படிஞ்சா கருவி செத்துடும். அதனால இங்க என்ன பண்ணாங்க? இருக்கிற கார்ப்பரேட்டர் எஞ்சினோட கழுத்தை நெரிச்சாங்க. தீப்பொறி விடுற நேரத்தைத் தள்ளிப் போட்டாங்க. வெளிய போற புகையில கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ளயே விடுற வால்வு வச்சாங்க. எங்க பாத்தாலும் வேக்குவம் குழாய். 1976ல வந்த ஹோல்டன் எச்.எக்ஸ். வரிசை இதுக்குப் பேர் போனது. காலையில ஸ்டார்ட் ஆகத் தயங்கும், ஏத்தத்துல இழுக்காது, பெட்ரோல் மட்டும் கூடக் குடிக்கும்.

வாங்கின ஆள் என்ன செய்வான்? நேரா பட்டறைக்குப் போவான். புகையைத் திருப்பி விடுற வால்வுக்கு அடியில ஒரு தகடு வச்சு அடைக்கறது, வேக்குவம் குழாயைக் கழட்டி ஒரு ஸ்க்ரூவைச் சொருகறது, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைக்கறது. அரை மணி நேர வேலை. வண்டி பழையபடி பாயும். கம்பெனி டெஸ்ட்ல பாஸ் பண்ண மாடல் ஒண்ணு, ரோட்டுல ஓடுற கார் வேற ஒண்ணு. திருப்பி அளக்கத்தான் யாரும் இல்லையே! இன்னைக்கு வரைக்கும் தொடர்ற பழக்கத்துக்கு விதை இங்கதான் விழுந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். விதி வந்தது, அதை மக்கள் மதிக்கிற மாதிரி வரலை.

இந்தச் சமயத்துல வந்தவர்தான் பீட்டர் பிராக். பாத்தர்ஸ்ட்டை ஒன்பது தடவை ஜெயிச்சவர், ஆஸ்திரேலியாவுக்கு அவர் நம்ம ஊரு எம்.ஜி.ஆர். மாதிரின்னு வச்சுக்கங்க. 1980ல மெல்போர்ன்ல எச்.டி.டி.ன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, ஹோல்டன் கொமடோரை வாங்கி, எஞ்சினைப் பிரிச்சு, பொறுக்கிச் சேர்த்து, வால்வு, காத்து வர்ற வழி எல்லாத்தையும் பெருசாக்கி, 500 கார் கட்டி வித்தார். புதுக் காரா விக்கணும்னா ஏ.டி.ஆர். தகடு இல்லாம முடியாது. அதனால விதிக்கு உள்ளேயே நின்னு பவர் எடுக்க வேண்டியதாச்சு. மாத்திக் கட்டின காரையும் முறைப்படி பாஸ் பண்ண வைக்க முடியும்னு இந்த நாட்டுக்குக் காட்டினவர் அவர்.

அடுத்த பெரிய வருஷம் 1986. ஈயம் இல்லாத பெட்ரோல். அந்த வருஷத் தொடக்கத்துல இருந்து வந்த எல்லாப் புதுக் காரும் அதுல ஓடணும். விதியும் ஏ.டி.ஆர். 37ன்னு மாறுச்சு, கார்பன் மோனாக்சைடு 24.2ல இருந்து 9.3 கிராமுக்கு இறங்குச்சு. ஈயம் குழந்தைகளோட மூளையைப் பாதிக்குதுங்கிறது அதுக்குள்ள நல்லாத் தெரிஞ்சு போச்சு. பழைய கார்களுக்காக ஈயப் பெட்ரோல் இன்னும் கொஞ்ச காலம் இருந்து, 2002 ஜனவரி 1ல இங்க மொத்தமா ஒழிஞ்சுது. இதுல நாம முந்திக்கிட்டோம்ங்கிறது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். சென்னை உட்பட நாலு பெருநகரத்துல 1995 ஏப்ரல்லயே புதுக் காருக்குக் காட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தாச்சு, 2000 பிப்ரவரியில இந்தியா முழுக்க ஈயம் போயாச்சு.

இந்த 1986 மாற்றத்துக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு. ஃபோர்டு 1982 நவம்பர்லயே ஆஸ்திரேலியாவுல வி8-க்கு மூடுவிழா நடத்திடுச்சு. ஈயமில்லாப் பெட்ரோலுக்கு எஞ்சினை மாத்தறது செலவு, அதனால நாங்களும் நிறுத்தறோம்னு 1984ல ஹோல்டன் சொன்னுச்சு. ஸ்ட்ரீட் மெஷின்னு ஒரு பத்திரிகை, வி8-ஐ 1998 வரைக்குமாவது விட்டு வைங்கன்னு ஒரு இயக்கமே நடத்துச்சு. ஸ்டிக்கர், கடிதம், கையெழுத்துன்னு ஊரே பொங்கிடுச்சு. ஹோல்டன் இறங்கி வந்து வி8-ஐ ஈயமில்லாப் பெட்ரோலுக்கு மாத்திக் குடுத்துச்சு.

ஆனா அந்த வருஷத்தோட நிஜ நாயகன் வி8 இல்லை. ஹோல்டனோட சொந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் புது விதிக்கு ஒத்து வரலைன்னு, ஜப்பான்ல இருந்து நிசான் ஆர்.பி.30 எஞ்சினை வாங்கி வி.எல். கொமடோர்ல வச்சாங்க. 1986 ஆகஸ்ட்ல அதுக்கு ஒரு டர்போ. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துற எரிபொருள் ஊசி, காட்டலிடிக் கன்வெர்ட்டர், 3 லிட்டர், 150 கிலோவாட். ஜனங்க போராடிக் காப்பாத்தின 5 லிட்டர் கார்ப்பரேட்டர் வி8? 122 கிலோவாட்! வேகத்தோட எதிரின்னு நினைச்ச அதே விதி, கார்ப்பரேட்டரைத் தூக்கிப் போட வச்சு, சின்ன எஞ்சின்ல கூடப் பவர் குடுத்துடுச்சு. போலீஸ்காரங்களே துரத்துறதுக்கு வி.எல். டர்போதான் வாங்கினாங்க.

பிராக் கதை மட்டும் சோகமா முடிஞ்சுது. 1986ல 'எனர்ஜி போலரைசர்'னு ஒரு டப்பாவைக் கொண்டு வந்தார். உள்ள காந்தமும் படிகக் கல்லும். எஞ்சின் பக்கத்துல மாட்டினா கார்ல இருக்கிற மூலக்கூறெல்லாம் வரிசையா நின்னு, வண்டி நல்லா ஓடுமாம். (நம்ம ஊர்ல காந்தப் படுக்கை வித்தாங்களே, அந்த ஜாதி.) அதோட டைரக்டர்னு ஒரு புது மாடலையும் ஹோல்டன் பரிசோதிச்சு ஒப்புக்கொள்ளாமலே 1987 பிப்ரவரியில வெளியிட்டார். ஹோல்டன் உடனே உறவை முறிச்சுக்கிச்சு. டெஸ்ட்டை மதிச்சுப் பேர் வாங்கின மனுஷன், டெஸ்ட் வேண்டாம்னு நின்னு இடத்தை இழந்தார். அந்த இடத்துல வந்ததுதான் எச்.எஸ்.வி. அவங்க 2017ல கடைசியா கட்டின ஜி.டி.எஸ்.ஆர். டபிள்யூ1 கார்ல 474 கிலோவாட். 1972ல நாடே பயந்த வண்டியோட வெளியே சொன்ன 300 குதிரைத்திறன்ங்கிறது 224 கிலோவாட்தான். ரெண்டு மடங்குக்கும் மேல பவர், புகை அதுல ஒரு சின்னப் பங்கு.

1990கள்ல இருந்து ஜப்பான் பழைய கார்கள் கப்பல் கப்பலா வந்துச்சு. ஸ்கைலைன், சில்வியா, ஆர்.எக்ஸ்.7. இருபது வயசுப் பையன் சம்பளத்துல வாங்கலாம், டர்போவோட அழுத்தத்தைக் கொஞ்சம் ஏத்தினா வி8-ஐ முந்தலாம். 2001ல ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் படம் வேற வந்துச்சு. அரசாங்கம் சும்மா இருக்குமா? 2005 ஜூலையில நியூ சவுத் வேல்ஸ், புது லைசென்ஸ்காரங்க டர்போவும் வி8-ம் ஓட்டக் கூடாதுன்னுச்சு. 2006 ஜூலையில விக்டோரியா, ரோட்டுல வித்தை காட்டினா காரையே 48 மணி நேரம் பறிமுதல் பண்ற சட்டம் கொண்டு வந்துச்சு. அதே 2006ல மாத்திக் கட்டுற கார்களுக்கு நாடு தழுவிய ஒரு வழிகாட்டு நூலும் வந்துச்சு, வி.எஸ்.பி. 14ன்னு பேரு. எதை மாத்தலாம், எதுக்குப் பொறியாளர் கையெழுத்து வேணும், எதுக்குப் புகை டெஸ்ட் வேணும்னு பக்கம் பக்கமா இருக்கும். அடிப்படை ஒண்ணுதான்: கார் எந்த வருஷத்து ஏ.டி.ஆர்.-படி பொறந்துச்சோ, மாத்தினதுக்கு அப்புறமும் அதுக்குக் குறையக் கூடாது.

அந்த டெஸ்ட்டுக்குப் பேரு ஐ.எம்.240. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை உருவாக்கினது. சிட்னியில பாட்டனியிலயும் பென்ரித்லயும் போக்குவரத்துத் துறையே இதுக்குக் கருவி வச்சிருந்துச்சு. காரை உருளை மேல ஏத்துவாங்க. ஓட்டுறவர் முன்னாடி ஒரு திரை, அதுல ஒரு வேகக்கோடு. அந்தக் கோட்டை விட்டு விலகாம 240 விநாடி ஓட்டணும், அதாவது நாலு நிமிஷம். மொத்தம் 3.1 கிலோமீட்டர் ஓடின கணக்கு. உச்ச வேகம் மணிக்கு 91 கிலோமீட்டர். வெளிய வர்ற புகையைக் காத்தோட கலந்து உறிஞ்சி அளப்பாங்க.

எங்க வீட்டுல கூடத் தங்கியிருக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி, இங்கயே பொறந்தவன், டாண்டினாங் பக்கம் ஒரு பட்டறையில பகுதி நேரமா வேலை பாக்குறான். அவன்தான் எனக்கு இதைப் புரிய வச்சான். "அண்ணா, பெரிய டர்போ எண்டா பயப்பட வேண்டாம். கார்ப்பரேட்டர் வி8 எண்டாத்தான் பயம்"ன்னான். யோசிச்சா சரிதான். ஐ.எம்.240 ரொம்ப சாதுவான ஓட்டம். 400 குதிரைத்திறன் டர்போவா இருந்தாலும் அந்த நாலு நிமிஷத்துல டர்போ முழுசா விழிக்கிறதே இல்லை. கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சாரைப் பாத்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கிற கணக்குல புடிச்சு நிறுத்தினா, காட்டலிடிக் கன்வெர்ட்டர் மிச்சத்தைப் பாத்துக்கும். பந்தய கேம்ஷாஃப்ட் போட்ட வி8-ல காத்து வர்ற வால்வும் போற வால்வும் ஒரே நேரத்துல ரொம்ப நேரம் திறந்திருக்கும். மெதுவா ஓடும்போது எரியாத பெட்ரோல் அப்படியே வெளிய ஓடிடும். அதை எந்த டியூனிங்கும் லேசுல காப்பாத்தாது.

மத்தபடி பட்டறைக்காரங்க சொல்ற வழி எல்லாம் எளிமையானது. எஞ்சின் ஆயிலைப் புதுசா மாத்திட்டுப் போ, பழைய ஆயில்ல கரைஞ்சிருக்கிற பெட்ரோல் ஆவியாகி ஹைட்ரோகார்பன் கணக்கை ஏத்திடும். வண்டியை நல்லா ஓட்டிச் சூடாக்கிட்டு வரிசையில நில்லு, கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி தாண்டினாத்தான் வேலை செய்யும். ஆயில் ஆவியை வெளிய விடுற டப்பா வச்சிருந்தா அதைத் திரும்ப எஞ்சினுக்கே இணை. பஸ்ஸ்ஸுன்னு சத்தம் போடுற வால்வைக் கழட்டி வை. இதெல்லாம் நேர்மையான வழி.

இன்னொரு வழி உங்களுக்கே தெரியும். கழட்டி வச்ச கம்பெனிச் சைலன்சர், கம்பெனி கன்வெர்ட்டர், கம்பெனி கம்ப்யூட்டர் எல்லாத்தையும் டெஸ்ட்டுக்கு முதல் நாள் மாட்டறது, மறுநாள் சாயங்காலம் கழட்டறது. அப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரி போலீஸ் மறிச்சா கண்ணாடியில மஞ்சள் ஸ்டிக்கர். விக்டோரியாவுல இதுக்கு 'கேனரி'ன்னு செல்லப்பேரு, குருவி கலர்ல இருக்கிறதால. சரி பண்ணிக் காட்டுற வரைக்கும் வண்டியை இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. மறுபடி கம்பெனிச் சாமானை மாட்டு, காட்டு, கழட்டு. 'திரும்ப மாட்டறதுக்கு'ன்னே ஒரு செட் சாமான் பரண் மேல தூங்கற வீடுகள் இங்க நிறைய.

இதைப் பையன்களோட ரவுடித்தனம்னு இங்க பேப்பர்ல எழுதுவாங்க. 2015ல என்ன ஆச்சு? உலகத்துலயே பெரிய கம்பெனிகள்ல ஒண்ணான ஃபோக்ஸ்வேகன் அதே வேலையைத் தொழிற்சாலையில வச்சே பண்ணினது வெளிய வந்துச்சு. உருளை மேல நிக்கிறோமா ரோட்டுல போறோமான்னு மென்பொருளே கண்டுபிடிச்சு, டெஸ்ட்டுல மட்டும் நல்ல பிள்ளை. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார். பரண்ல இருந்து சாமானை இறக்கற வேலை கூட இல்லை!

அதைப் புடிச்ச குழுவுல ஒருத்தர் அரவிந்த் திருவேங்கடம், சென்னைப் பல்கலைக்கழகத்துல படிச்சுட்டு மேற்கு வர்ஜீனியாவுக்கு ஆராய்ச்சிக்குப் போனவர். டேனியல் கார்டர் தலைமையில, மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா இவங்களோட சேர்ந்து, அளக்கற கருவியைக் காரோட பின்பக்கமே ஏத்திக்கிட்டு 2013ல நிஜ ரோட்டுல ஓட்டினாங்க. லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து சியாட்டல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாங்க. ஜெட்டா கார்ல நைட்ரஜன் ஆக்சைடு அனுமதிச்ச அளவை விட 15ல இருந்து 35 மடங்கு. பஸாத்ல 5ல இருந்து 20 மடங்கு. படிக்கிற பசங்களும் இளம் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, பெரிய செலவில்லாம, ரோட்டுல ஓட்டிப் பாத்தாங்க, அவ்வளவுதான். ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2019 டிசம்பர்ல அந்தக் கம்பெனிக்கு 12.5 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. காரைப் பறிமுதல் பண்ணி, யார் கண்ணாடியிலயும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டலை.

நம்ம ஊர்ல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இன்னும் எளிமையா முடிச்சுடுச்சு. கம்பெனி கட்டின வடிவத்துல இருந்து வண்டியை மாத்தக் கூடாது, அவ்வளவுதான். டெஸ்ட் எடுத்துப் பாஸ் பண்ணிக் காட்டறேங்கிற பேச்சுக்கே பெருசா இடமில்லை. அதனால யாரும் மாத்தாம இருக்காங்களான்னு கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுல ஞாயித்துக்கிழமை காலையில நின்னு பாருங்க. என்னைக் கேட்டா, வழின்னு ஒண்ணை எழுதி வச்சிருக்கிற ஆஸ்திரேலிய முறையும், எல்லா வண்டியையும் ஒரு தடவையாவது கருவி முன்னாடி நிறுத்துற நம்ம முறையும் ஒண்ணா சேரணும். தனித்தனியா ரெண்டும் ஓட்டைதான். இங்க நேர்மையானவன் மட்டும் செலவு பண்றான், அங்க எல்லாரும் செலவு பண்றாங்க, காகிதம்தான் வருது.

யமஹா ஆர்.எக்ஸ்.100 ஞாபகம் இருக்கா? புகை விதி இறுக இறுக 1996ல நின்னுச்சு. இன்னைக்கு நல்ல நிலையில ஒண்ணு வேணும்னா கேக்கற விலையில புது வண்டியே வாங்கலாம். இங்கயும் அதே கதைதான். 1971ல கட்டின ஒரு ஜி.டி.எச்.ஓ. ஃபேஸ் 3, ஒரு காலத்துல வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தாம்சன்கிட்ட இருந்தது, 2018ல ஏலத்துல பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போச்சு. வாங்கினவர் அதை ரோட்டுல ஓட்ட ஆசைப்பட்டா புகை டெஸ்ட் எதுவும் எடுக்க வேண்டியதில்லை. ஏ.டி.ஆர். 26 வந்தது 1972 ஜனவரியில, வண்டி அதுக்கு முந்தின வருஷம்.